எத்தன புள்ளன்னு யாரு சொல்றது?

இப்பல்லாம் மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் கல்யாண மண்டபத்துல வாழ்த்துரைக்கு மைக்க புடிக்கறவங்க எல்லாருக்கும் ஒரே பல்லவிதான். நம்ம இனம் கொறஞ்சிக்கிட்டே போவுது, ஒன்னு ரெண்டோட நிறுத்தாதீங்க, கொறஞ்சது நாலு பெத்துக்குங்கன்னு சொல்லிட்டு எறங்கி பிரியாணி சாப்புட்டுட்டு கார் ஏறி போயிடுவாங்க. பொண்ணு தலைய குனிஞ்சிக்கிட்டு சிரிக்கும். யாரு வளக்கறது, எந்த காசுல வளக்கறதுன்னு மைக்குல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு எரிச்சலா வரும், ஏன்னா நான் வேலைக்கு சேந்த காலத்துல இதே மாதிரி ஆளுங்க இதே மாதிரி மைக்க புடிச்சி 'அளவான குடும்பம்'னு பேசினத முன்வரிசைல உக்காந்து கேட்டவ நான். அரசாங்க கிளினிக்ல மிஸியா, அதான் நர்சா இருந்து ரிட்டையர் ஆயிட்டேன். ரப்பர் தோட்டம் தோட்டமா போயி கருத்தடை மாத்திரையும் குடுத்திருக்கேன், பிரசவமும் பாத்திருக்கேன், ரெண்டு பக்கத்து பேச்சும் எனக்கு மனப்பாடம்.

எண்ணிக்கை கொறையறது பொய்யில்ல. 1970ல தீபகற்பத்துல நூத்துக்கு பத்து பேருக்கு மேல இந்தியருங்க, 2020 சென்சஸ்ல சபா சரவாக்கையும் சேத்து மலேசியக் குடிமக்கள்ல 6.7 விழுக்காடு. இப்ப ஒரு இந்தியப் பொம்பளைக்கு சராசரியா ஒன்னு சொச்சம் புள்ளதான். சீனருக்கு ஒன்னுக்கும் கீழ. ஆனா ஒரு விஷயத்த யாரும் பேசறதில்ல. நம்மள யாரும் சட்டம் போட்டு நிறுத்தலயே?

சட்டம்னு பாத்தா 1966ல குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து அதுக்கு ஒரு வாரியமும் வச்சாங்க. அது 'இத்தனதான் பெத்துக்கணும்'னு சொல்ற சட்டம் இல்ல, வேணுங்கறவங்களுக்கு மாத்திரையும் புத்தியும் குடுக்கற ஏற்பாடு. அப்புறம் மகாதீர் பிரதமரா வந்து 2100க்குள்ள 70 மில்லியன் ஜனம் வேணும்னாரு, 1984லேர்ந்து அதுதான் கொள்கைன்னு ஆச்சு, வாரியத்தோட பேரும் மாறிச்சு. நேத்து வரைக்கும் 'போதும்'னு போஸ்டர் ஒட்டின செவுத்துல இன்னைக்கு என்னத்த ஒட்டறதுன்னு எங்களுக்கே புரியல. வேலைச் சட்டத்துல மட்டும் ஒரு சின்ன வேலி இருந்துச்சு, பிரசவ லீவு சம்பளம் மொத மூணு புள்ளைக்குத்தான்னு இருந்துச்சு, 70 மில்லியன் பேச்சுக்கு அப்புறம் அத அஞ்சு ஆக்கினாங்க. உசுரோட அஞ்சு புள்ள இருக்கறவ ஆறாவது பெத்தா அந்த சம்பளம் கெடையாது. பால் வெட்டறவளுக்கு அது சின்ன வேலி இல்ல, ஆனா அத பாத்து யாரும் புள்ளைய நிறுத்தினதா எனக்கு தெரியல, அந்த விதியே பாதி பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் கிராணி, அதான் தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கு, சொல்லித்தான் தெரியும்.

அப்ப எது நிறுத்திச்சு? தோட்டத்துல வரிசையா கட்டி விட்ட லயத்து வீட்ட பாத்தவங்களுக்கு தெரியும். முன்னால ஒரு அறை, உள்ள ஒரு அறை, பின்னால அடுப்படி, அதுல மாமியார், கொழுந்தன், ஏழு புள்ளைங்க. காலைல இருட்டுல பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கு எடுக்கற எடத்துக்கு, போகணும், கைப்புள்ளைய ஆயாக்கொட்டகைல விடணும், வெட்டுக்காட்டுலேர்ந்து திரும்பினா துணி, சோறு, தண்ணி. இந்த வாழ்க்கைய வாழ்ந்த பொம்பளைங்கதான் எங்கிட்ட வந்து காதோட காதா 'மிஸி, அந்த மாத்திர இருக்கா'ன்னு கேட்டாங்க. புருசனுக்கு தெரியாம, மாமியாருக்கு நிச்சயமா தெரியாம, அரிசி டின்னுக்கு அடியில ஒளிச்சி வச்சி சாப்புட்டாங்க. பல பேருக்கு கடிகாரம் பாக்கத் தெரியாது, தெனம் ஒரே நேரத்துக்கு போடணும்னு எப்படி சொல்றது, பெரட்டு மணி அடிக்கும்போது போட்டுக்கன்னு சொல்லிக் குடுத்தேன். நல்லாத்தான் வேல செஞ்சிச்சு, ஞாயித்துக்கெழம மணி அடிக்காதுங்கறத தவிர! வாராவாரம் ஞாயிறு மறந்து மறந்து ஒருத்தி மாசமாயி வந்து நின்னா, 'ஒங்க மணிதான் மிஸி காரணம்'னு சிரிச்சா. அந்தப் பையனுக்கு தோட்டத்துல ஞாயிறுன்னே பட்டப்பேரு, இப்ப லோரி ஓட்டறான், நாலு வெள்ளி கடன் வாங்காம கண்ணியமா இருக்கான்.

அப்புறம் கித்தாவ, அதான் ரப்பர் மரத்த, வெட்டி எண்ணெய் எடுக்கற செம்பனை போட்டாங்க, தோட்டத்த கூறு போட்டு வித்தாங்க, சனம் எல்லாம் பட்டணத்து மலிவு வீட்டுக்கும் ஃபேக்டரிக்கும் வந்துச்சு. ஆயாக்கொட்டகை போச்சு. புள்ளைய பாத்துக்கற ஆளுக்கு மாசாமாசம் எண்ணி குடுக்கணும்னு ஆனப்பறம் ரெண்டாவது புள்ளைக்கே கணக்கு போட ஆரம்பிச்சாங்க. என் அம்மாவுக்கு ஒம்பது பிரசவம், எனக்கு மூணு, என் மகளுக்கு ஒன்னு. இதுல எந்த அமைச்சரும் வந்து எங்க வீட்டு கதவ தட்டல.

கதவ தட்டின நாடுங்களும் இருக்கு. எங்க ஊர் சீனருங்க குடியிருக்கற சீனக்கம்பத்துல மளிகை சாமான் விக்கற ஆன்ட்டி ஒருத்தங்க, என்கிட்டதான் பிரஷர் பாத்துக்குவாங்க. தொண்ணூறுகள்ல அவங்க அப்பாவோட ஊருக்கு, சீனாவுல குவாங்டோங்குல ஒரு கிராமத்துக்கு, சொந்தக்காரங்கள பாக்க போயிட்டு வந்தாங்க. அங்க அண்ணன் மொறைல ஒருத்தர் வீட்டுல தங்கியிருக்காங்க, அவருக்கு ஒரு பையன். ரெண்டு நாள் கழிச்சி மாமியார் வீட்டுக்கு கூட்டிட்டு போனா அங்க அவரு முகத்த உரிச்சி வச்ச மாதிரி ஒரு பொண்ணு, அவர 'மாமா'ன்னு கூப்புடுது. பெத்த அப்பனத்தான். அந்தப் பொண்ணுதான் மொதல்ல பொறந்திருக்கு, அத ஊரு கணக்குல எழுதாம பாட்டி வீட்டுல விட்டுட்டு ஆம்பளப் புள்ளைக்கு எடம் வச்சிருக்காங்க. அவரு பள்ளிக்கூடத்துல வேல, தெரிஞ்சா வேலையும் போயிடும் தண்டமும் கட்டணும். ஆன்ட்டி இத சொல்லும்போது குரல தாழ்த்தித்தான் சொன்னாங்க, சுங்கை சிப்புட்ல உக்காந்துக்கிட்டு எந்த ஆபீசருக்கு பயந்தாங்கன்னு தெரியல!

சீனாவோட அந்த ஒத்தப்புள்ள கொள்கைக்கு 1980 செப்டம்பர்ல கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்களுக்கு எழுதின பகிரங்கக் கடிதத்ததான் தொடக்கம்னு சொல்வாங்க. ஊருக்கு ஊரு விதி மாறும், 1984க்கு அப்புறம் நெறைய கிராமத்துல மொதல்ல பொண்ணு பொறந்தா இன்னொன்னு பெத்துக்கலாம்னு தளர்த்தினாங்க, அதாவது பொண்ணு பொறந்தா அது அரை புள்ள கணக்குன்னு அரசாங்கமே சொன்ன மாதிரி. 2010 சென்சஸ்ல பதிவே இல்லாத ஆளுங்க 13 மில்லியன் இருந்தாங்க, எல்லாருமே கொள்கைய மீறி பொறந்தவங்கன்னு இல்ல, ஆனா பெரும்பங்கு அதுதான். பதிவு இல்லன்னா பள்ளிக்கூடம் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, ரயில் டிக்கெட்டு கூட கஷ்டம். 2016ல, ரெண்டு புள்ள பெத்துக்கலாம்னு மாத்தின அதே வருசத்துல, இவங்க எல்லாரையும் பதிவு பண்ணுங்கன்னு உத்தரவு போட்டாங்க. முப்பது முப்பத்தஞ்சு வயசுல ஒருத்தி தான் இருக்கறதா காகிதம் வாங்கறான்னா எப்படி இருக்கும்?

இதுல எனக்கு ஆறவே ஆறாத சங்கதி ஒன்னு இருக்கு. அந்தக் கொள்கை வர்றதுக்கு முன்னாடியே, எழுபதுகள்ல தாமதமா கட்டு, எடவெளி விடு, கொறச்சிப் பெத்துக்கன்னு சொல்லிச் சொல்லியே (அதுலயும் மெரட்டல் இல்லாம இல்ல) சீனாவுல சராசரி ஆறு புள்ளைகிட்ட இருந்தது மூணுக்கும் கீழ எறங்கிடுச்சி. எண்ணிக்கை ஏற்கெனவே எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்ப அந்த சட்டம் புதுசா என்னத்த செஞ்சிச்சின்னா, புள்ளைய ஒளிக்க வச்சிச்சு, ஸ்கேன் பாத்து பொண்ண கலைக்க வச்சிச்சு, பக்கத்து வீட்டுக்காரி வயித்த பாத்து போட்டுக் குடுக்க வச்சிச்சு. 2004 வாக்குல அங்க நூறு பொண்ணுக்கு 120 பையன் பொறந்தான். வழக்கமா 105, 106 இருக்கணும். பொறந்த பொண்ணுங்கள்லயும் எத்தன பேரு அனாதை விடுதி வாசல்ல விடப்பட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தத்து போனாங்க! வெளிநாட்டுக்கு தத்து குடுக்கறத 2024ல நிறுத்தும்போது 1,50,000க்கு மேல போயிருந்தாங்க.

நம்ம ஆளுங்க அப்படி இல்லன்னு மார தட்டிக்காதீங்க. சேலத்துல 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்துச்சு? பொண்ணு வேணாம்னா கொல்லாதீங்க, தொட்டில்ல போட்டுட்டு போங்கன்னு ஜெயலலிதா அரசாங்கம் தொட்டில் வச்சிச்சே. ரெண்டோட நிறுத்துன்னு ஊரே சொல்லும்போது அந்த ரெண்டுல ஒன்னாவது ஆம்பளையா இருக்கணும்னு மனுசன் நெனைக்கறான், அந்த நெனப்புக்கு யாரு பலின்னு சொல்லணுமா.

சேலம்னு சொன்னதும் எங்க பெரியம்மா ஞாபகம் வருது. 1969க்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட்டுன்னு வந்தப்ப இங்கேர்ந்து சுமாரா 60,000 தோட்டத்து சனம் இந்தியாவுக்கு திரும்பிச்சு, அதுல பெரியம்மா குடும்பமும் ஒன்னு, பினாங்குல ரஜூலா கப்பல் ஏறினாங்க. 1976, இந்தியாவுல எமர்ஜென்சி. பெரியப்பாவ கேம்புக்கு கூட்டிட்டு போயி ஆபரேஷன் பண்ணிட்டாங்க. கடுதாசில அவரு எழுதினது 'உடம்பு முன்ன மாதிரி இல்ல, பாரம் தூக்க முடியல' அவ்வளவுதான். மிச்சத்த பெரியம்மாதான் நான் ஊருக்கு போனப்ப சொன்னாங்க. ரேஷன் கார்டு வேணும்னா சீட்டு காட்டணும்னு எவனோ சொல்லியிருக்கான், அவருக்கு ஏற்கெனவே அம்பது வயசு கிட்ட, கடைசி புள்ளைக்கே மீசை மொளச்சாச்சு! ஆனா அந்த ஆபீசருக்கு மாசக் கணக்கு காட்டணுமே. அந்த ஒரு வருசத்துல இந்தியா பூரா 80 லட்சத்துக்கு மேல ஆபரேஷன், முக்கால்வாசி ஆம்பளைங்க. அடுத்த வருசம் எலெக்ஷன்ல இந்திரா காந்தி தோத்தாங்க, அதோட எந்த கட்சிக்கும் ஆம்பளைய தொட தைரியம் வரல. கத்தி அப்படியே பொம்பள பக்கம் திரும்பிச்சு. 2019-21ல எடுத்த சர்வேல இந்தியாவுல கல்யாணமான பொம்பளைங்கள்ல 37.9 விழுக்காடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, ஆம்பளைங்க பண்ணிக்கிட்டது 0.3. எங்க கிளினிக்லயும் அதே கதைதான், நான் எத்தனையோ பேருகிட்ட 'அண்ணே, ஒங்களுக்கு பத்து நிமிஷ வேல, அக்காவுக்கு வயித்த கிழிக்கணும்'னு சொல்லிப் பாத்தேன், எல்லாரும் பெரியப்பா மாதிரியே பாரம் தூக்க முடியாதேன்னு பதில் சொல்வாங்க. அந்த எமர்ஜென்சி பயம் கடல் தாண்டி இங்க வந்து உக்காந்துடுச்சி.

சிங்கப்பூர் கதை வேற தினுசு. அங்க அடிக்கல, பில்லுல போட்டாங்க. எங்க அத்த மக ஒருத்தி அங்க வாக்கப்பட்டு போனா. 1972லேர்ந்து 'ரெண்டோட நிறுத்து'ன்னு பிரசாரம். மூணாவது புள்ளைக்கு சம்பளத்தோட லீவு இல்ல, பிரசவ சார்ஜ் ஒவ்வொரு புள்ளைக்கும் ஏறும். பெத்தவங்கள்ல ஒருத்தர் நாப்பது வயசுக்குள்ள, ரெண்டு புள்ளைக்கு மேல போகாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஒன்னாம் வகுப்பு எடத்துக்கு முன்னுரிமை. நல்ல பள்ளிக்கூடத்துக்காக இவ பண்ணிக்கிட்டா. அப்பல்லாம் தீபாவளிக்கு வரும்போது எங்க லயத்த பாத்து 'என்னாடி இப்படி குஞ்சும் குளுவானுமா'ன்னு மூக்க சுளிப்பா. 1987ல அப்ப துணைப் பிரதமரா இருந்த கோ சோக் டோங் மூணு பெத்துக்குங்க, முடிஞ்சா அதுக்கு மேலயும்னாரு. இவளுக்கு ஆபரேஷன் ஆயி பத்து வருசம். இப்ப மகன் கல்யாணமே வேணாம்னுட்டான், மகளுக்கு ஒரே புள்ள. அரசாங்கம் போனஸ் குடுக்குது, லீவு குடுக்குது, ஒன்னும் நடக்கல, 2023ல அங்க ஒரு பொம்பளைக்கு சராசரி 0.97 புள்ளதான். சீனாவும் 2021ல மூணுன்னு சொல்லிப் பாத்துச்சு, அடுத்த வருசமே ஜனத்தொகை கொறைய ஆரம்பிச்சிடுச்சு. ஆந்திராவுல ரெண்டு புள்ளைக்கு மேல இருந்தா ஊராட்சி எலெக்ஷன்ல நிக்கக்கூடாதுன்னு முப்பது வருசம் வச்சிருந்த சட்டத்த 2024ல எடுத்துட்டு இப்ப பெத்துக்க சொல்றாங்க. அந்த மாதிரி சட்டம் இருந்த மாநிலங்கள்ல சீட்டுக்காக மூணாவது புள்ளைய தத்து குடுத்தவன், பொண்டாட்டிய தள்ளி வச்சவன் எல்லாம் உண்டுன்னு படிச்சிருக்கேன்.

கொறஞ்சா என்ன ஆவும்னு கேக்கறவங்க எங்க ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வந்திருக்கணும். ஒரு காதுகுத்து. அம்மாவும் ஒத்தப்புள்ள, அப்பாவும் ஒத்தப்புள்ள. அப்ப மடியில வச்சி குத்தறதுக்கு தாய்மாமன் எங்கேர்ந்து வருவான்? ஒன்னுவிட்ட மாமன்னு தேடினா அவரு ஆஸ்திரேலியாவுல. பூசாரி நேரம் போவுதுன்னு முணுமுணுக்கறாரு, பாட்டிமாருங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்றாங்க, கடைசியில அந்த அம்மா தன் ஃபேக்டரில கூட வேல செய்யற சீனப் பையன கூப்புட்டா, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தவன். அவனும் சளைக்கல. வேட்டிய யாரோ கட்டி விட்டாங்க, அது நிக்கல, பெல்ட்டு போட்டுக்கிட்டு சம்மணம் போட்டு உக்காந்தான், புள்ள கத்தின கத்துக்கு அவனுக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சி. மாமன் சீருன்னு சீனருங்க வழக்கப்படி அங்கபாவ் பணம் குடுத்தான், செவப்பு உறையில! எனக்கு அது அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் புள்ளைக்கு பின்னால ரெண்டு தாத்தா, ரெண்டு பாட்டி, ஒரு அப்பா, ஒரு அம்மா, ஆறு பேரும் முதியோர் ஆனா தாங்கறதுக்கு அது ஒன்னுதான். சீனாவுல இத 4-2-1னு எண்ணாவே சொல்றாங்க. நாம சட்டம் எதுவும் இல்லாமலே அதே எண்ணுக்கு வந்து சேந்துட்டோம்.

ஒளிஞ்ச புள்ளைங்களும் நம்மகிட்ட இல்லாம இல்ல. கோயில்ல தாலி கட்டிட்டு பதிவு பண்ணாம விட்டவங்க தோட்டத்துல எத்தன பேரு, 1982லேர்ந்து பதிவு கட்டாயம்னாலும் யாரு போயி அவங்களுக்கு சொன்னா? பதிவு இல்லாத கல்யாணத்துல பொறந்த புள்ளைக்கு அம்மாவோட குடியுரிமைதான். அம்மாவுக்கே ஐசி, அதான் அடையாள அட்டை, இல்லன்னா புள்ளைக்கும் இல்ல. சூராட் பிரானாக்க, அதான் பொறப்பு சர்டிபிகேட்ட, கையில வச்சிக்கிட்டு அலையற பையனுங்கள பாத்திருக்கேன், பிரசவம் பாத்தவளே நான்தான், இவன் இந்த மண்ணுல பொறந்தான்னு நான் சாட்சி சொன்னாலும் கவுண்டர்ல அது போதாது. பரீட்சை எழுத மல்லுக்கட்டணும், பேங்கு கணக்கு கெடையாது, லைசென்ஸ் கெடையாது. குவாங்டோங் ஆன்ட்டியோட அண்ணன் மக பட்ட பாட்டுக்கும் இதுக்கும் எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல.

இவ்வளவுக்கும் மேல, நம்ம ஊர்லயே இன்னைக்கும் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, சீனாவோடத விட கறார். நாம விட்டுட்டு வந்த லயத்துல இப்ப இந்தோனேசியாக்காரங்களும் வங்காளதேசத்துக்காரங்களும் இருக்காங்க இல்லயா, அவங்களுக்கு அனுமதி எத்தன புள்ள தெரியுமா? சைபர். வேலை பெர்மிட்டுல வந்தவங்க இங்க கல்யாணம் பண்ணிக்கக் கூடாது, குடும்பத்த கூட்டிட்டு வரக்கூடாது, பொம்பளைங்களுக்கு மெடிக்கல் செக்கப்புல கர்ப்பமும் பாப்பாங்க, இருந்தா பெர்மிட் போச்சு, ஊருக்கு போக வேண்டியதுதான். இத யாரும் குடும்பக் கட்டுப்பாடுன்னு சொல்றதில்ல, லேபர் விஷயம்னு சொல்லிடறாங்க.

ஆனா மனுசங்க மனுசங்கதானே. வேலைல இருந்த கடைசி வருசங்கள்ல ஒரு ஜாவாக்காரப் பொண்ணு எட்டு மாசத்துல மொத தடவையா கிளினிக்குக்கு வந்தா. அது வரைக்கும் வயித்த துணி சுத்தி இறுக்கிக் கட்டிக்கிட்டு மரத்துக்கு ஒரம் போட்டிருக்கா. கர்ப்பிணி புத்தகம் போடணும், பாஸ்போர்ட் கேட்டா எசமான்கிட்ட இருக்குங்கறா, வெளிநாட்டுக்காரங்களுக்கு சார்ஜ் எத்தனைன்னு சொன்னதும் எழுந்து போயிட்டா. ரெண்டு வாரம் கழிச்சி லயத்துலயே பொறந்துடுச்சி, பக்கத்து வீட்டு தமிழ் பாட்டி ஒருத்தங்க, எங்கிட்ட அந்தக் காலத்துல மாத்திர வாங்கின அதே அம்மா, தொப்புள் கொடிய கட்டிட்டு எனக்கு போன் பண்ணாங்க. பெண் குழந்தை, ரெண்டரை கிலோ இருந்துச்சு. நான் போயி பாத்துட்டு ஆளுங்கள மேய்க்கற மண்டோர்கிட்ட பதிவுக்கு கூட்டிட்டு போங்கன்னேன். 'மிஸி, எனக்கு வேலைக்கு ஆளு வேணும், புள்ள வேணாம்'னு அவரு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு.

அந்தக் கொழந்தைக்கு இப்ப பள்ளிக்கூடம் போற வயசு, அந்தப் பாட்டி வளப்புல தமிழ் சரளமா பேசுது, சூராட் பிரானாக் இல்ல. மண்டோரு இப்ப எங்க தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல பொறுப்புல இருக்காரு, வருசக் கடைசியில ஒன்னாம் வகுப்புக்கு புள்ள பத்தலன்னு மோட்டார எடுத்துக்கிட்டு வீடு வீடா போறாரு. அந்த லயத்துக்கு மட்டும் போகமாட்டாரு.